மாடியில்லாத வீட்டின் மேல்வீட்டுக்காரர்கள்

பதினெட்டு வருடம் டெல் அவிவ் நகரத்தில் ஒரு கிழவியைக் குளிப்பாட்டி, ஊட்டி, கடைசியில் அவளுக்கு மண்ணும் அள்ளிப் போட்டுவிட்டு எப்சிபாய் மார்த்தாண்டத்துக்குப் பக்கத்திலுள்ள பாறைவிளைக்குத் திரும்பிவந்த மூன்றாவது வாரம், மாடியே இல்லாத அவளுடைய வீட்டின் மாடியில் ஆட்கள் குடிவந்தார்கள்.

முதலில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு குழாய் திறந்து மூடும் சத்தம், செருப்பு தரையில் உரசும் சத்தம், கண்ணாடி டம்ளரில் யாரோ கரண்டி போட்டுச் சர்க்கரை கலக்கும் சத்தம். பக்கத்து வீட்டிலிருந்து அவளுடைய அண்ணன் தாசையன் ஏணியைக் கொண்டுவந்து சாத்தி மேலே ஏறிப் பார்த்தார். தண்ணீர்த் தொட்டியும், காயப்போட்ட கொப்பரையும், கொப்பரையைக் குறிவைத்து உட்கார்ந்திருந்த ஒரு காக்கையும் தவிர அங்கே ஒன்றுமில்லை. ஆனால் அவர் காலுக்குக் கீழே நாற்காலி இழுபட்டது. வீட்டுக்குள் நிற்பவர்களுக்குத் தலைக்கு மேலே கேட்கிறது, மேலே நிற்பவருக்குக் காலுக்குக் கீழே கேட்கிறது என்றால், இடையிலிருக்கிற ஐந்து அங்குலக் கான்கிரீட்டுக்குள்தான் அவர்கள் இருக்க வேண்டும் என்று தாசையன் முடிவு சொன்னார். அவர் கொத்தனார், அந்தத் தளத்தை வார்த்ததே அவர்தான்.

"கம்பி கெட்டும்போ நான்தான் நின்னேன். அதுக்குள்ள ஒரு ஆளு இருக்கதுக்கு எடம் கெடையாது," என்றார். "ஆனா இருக்காவ. அது அவங்க சாமர்த்தியம்."

அனுமதி இல்லாமல் மாடி கட்டியிருப்பதாகக் கேள்விப்பட்டுப் பஞ்சாயத்து ஆபீஸிலிருந்து வந்த ஆளும் ஏணியில் ஏறி இறங்கினார், சுவரில் காதை வைத்துக் கேட்டார், "மாடி இல்லை, குடியிருப்போர் உண்டு" என்று எழுதினார், அதை எந்தக் கட்டத்தில் எழுதியிருக்க வேண்டும் என்று தெரியாமல் பாலில்லாத கட்டன்சாயா ஒன்று குடித்துவிட்டுப் போனார்.

மேலே இருப்பவர்கள் எந்த ஊர்க்காரர்கள் என்பது எப்சிபாய்க்கு இரண்டாம் நாளே தெரிந்துவிட்டது. சாயங்காலம் நாலரை மணி ஆனதும் மேலே எல்லாச் சத்தமும் துணி போட்டு மூடியதுபோல அடங்கும், ஆறரை ஆனபிறகுதான் மறுபடி நாற்காலி இழுபடும். டெல் அவிவில் மத்தியானம் இரண்டிலிருந்து நாலுவரை ஓய்வு நேரம். அடுக்குமாடி வீடுகளில் அப்போது யாரும் ஆணி அடிக்கக் கூடாது, பாட்டு வைக்கக் கூடாது, பிள்ளைகள் படிக்கட்டில் குதிக்கக் கூடாது. நம்முடைய கடிகாரத்தில் அது நாலரையிலிருந்து ஆறரை. இதை அவள் அண்ணன் மனைவி ரெத்தினபாயிடம் சொல்ல, ரெத்தினபாய் பால் சொசைட்டியில் சொல்ல, ஒரு வாரத்துக்குள் பாறைவிளையும் அந்த இரண்டு மணி நேரத்தை மதிக்கத் தொடங்கியது. ரப்பர் ஷீட் அடிக்கிற மெஷின்கள் நின்றன. மீன்காரர் ஹாரனை அமுக்காமல் வாசலில் நின்று தொண்டையைக் கனைத்தார். சண்டை போட்டுக்கொண்டிருந்தவர்கள் நாலு இருபத்தெட்டுக்கு "மிச்சம் ஆறரைக்கு" என்று சொல்லிப் பிரிந்து போனார்கள். ஆறரைக்குப் பாதிப்பேருக்கு மிச்சம் என்னவென்று மறந்து போயிருந்தது.

ஆறரைக்குத்தான் அந்தக் குரல் வரும். சிகரெட் பிடித்துக் கனத்த ஒரு பெண்குரல், யாரையும் மயக்கவேண்டிய அவசியமில்லாத குரல், தினம் ஒரு கதையை எபிரேய மொழியில் வாசிக்கும். கால் மணி நேரம், சில நாள் அதுகூட இல்லை. பழைய ஏற்பாடு எழுதப்பட்ட மொழி என்று கேள்விப்பட்டதும் அக்கம்பக்கத்துப் பெண்கள் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு எப்சிபாயின் முன்னறையில் வந்து உட்கார்ந்தார்கள். அவள் ஒவ்வொரு வாக்கியமாகக் கேட்டுத் தமிழில் சொன்னாள். முதல் நாள் வந்த கதை, பழைய ஃபிரிட்ஜ் ஒன்றை விற்க முடியாமல் அதனோடு பேசத் தொடங்கிய ஒரு பல் டாக்டரைப் பற்றியது. கதை திடுமென்று நின்றதும் முன்னறை முழுக்க ஒரே குரலில் "ஆமென்" என்றது.

மூன்று வாரம் இது நடந்தது. விவாகரத்துக்கு ஆமென், வாடகைத் தகராறுக்கு ஆமென், நாயைத் தொலைத்துவிட்டுப் பூனையோடு திரும்பிவந்த ராணுவத் தளபதிக்கும் ஆமென். கடைசியில் சபைப் போதகர் வந்து ஒரு கதை முழுக்கக் கேட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு, இது வேதம் இல்லை என்று தெளிவுபடுத்தினார். "ஆனாலும் ஆமென் சொல்லுங்க, தப்பில்ல," என்றார். "இல்லேன்னா கதை முடிஞ்சுட்டுன்னு யாருக்குத் தெரியும்?"

முக்காடு போனது, ஆட்கள் போகவில்லை. நாலு பேர் நாற்பது பேரானார்கள். விடிகாலையில் ரப்பர் பால்வெட்டு முடித்துப் பகலில் உறங்கி எழுந்தவர்கள் வந்தார்கள், டியூஷன் டீச்சர் வந்தாள், பஸ்ஸுக்கு நின்றவர்கள் அந்த பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸுக்கு வந்தார்கள்.

எப்சிபாய் அந்த மொழியைக் கற்றது கதைகளில்தான். அவள் பார்த்துக்கொண்ட கிழவியின் பெயர் சிப்போரா. ஒரு வாரப் பத்திரிகையில் நாற்பது வருடம் பிழைதிருத்துபவளாக இருந்தவள். கண் மங்கிப்போன பிறகு, வெள்ளிக்கிழமை இணைப்பில் வரும் சிறுகதையை வாசித்துக் காட்ட ஆள் வேண்டும் என்பதற்காகவே, சோபாவில் பக்கத்தில் உட்காரவைத்து எப்சிபாய்க்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தாள். ஏன் எல்லாக் கதையும் இவ்வளவு சின்னதாக இருக்கிறது என்று எப்சிபாய் ஒருமுறை கேட்டபோது, "இந்த ஊரில் நீளமாக ஒன்று சொல்லத் தொடங்கினால் நடுவில் சைரன் வந்துவிடும்" என்றாள். கதையின் கடைசி வரி முடிந்ததும் இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசமாட்டார்கள். படிக்கட்டு விளக்கு தானாக அணைந்த பிறகு அடுத்த படி எங்கே என்று காலால் தேடுகிற மாதிரி இருக்கும். பிறகு யாராவது ஒருத்தி சிரித்துவிடுவாள்.

பாறைவிளைக்கு மிகவும் பிடித்தது பார்க்கிங் கதை. ஒரு மனிதனுக்கு அப்பா விட்டுப்போனது, நெரிசலான தெருவில் ஒரு கார் நிறுத்துகிற இடம் மட்டும். கார் கிடையாது, வாங்குகிற எண்ணமும் கிடையாது. வேறு யாரும் பிடித்துவிடக் கூடாதே என்று தினமும் வேலை முடிந்துவந்து, இரண்டு வெள்ளைக்கோடுகளுக்கு நடுவே அவனே நிற்கிறான். ஒருத்தி காரில் தெருவைச் சுற்றிச் சுற்றி வந்து, கண்ணாடியை இறக்கி, கெஞ்சுகிறாள், திட்டுகிறாள், மறுநாளும் வருகிறாள், அதற்கு மறுநாளும் வருகிறாள். ஏழாவது நாள் எதிரே நிறுத்தக்கூடாத இடத்தில் காரைப் போட்டுவிட்டு, சாவியைப் பையில் வைத்துக்கொண்டு, தெருவைத் தாண்டி வந்து அவன் பக்கத்தில் நிற்கிறாள். அவன் கொஞ்சம் தள்ளி இடம் கொடுக்கிறான். ஆமென்.

"அப்புறம் கல்யாணம் கெட்டினாவளா?" என்றார் தாசையன்.

"தெரியாது அண்ணா."

"அவ காரை போலீஸு தூக்கிட்டுப் போயிருப்பான்."

"அதும் தெரியாது."

"ஒண்ணும் தெரியாம எனக்கு எப்பிடி உறக்கம் வரும்?" என்று சலித்துக்கொண்டு போன தாசையன் மறுநாள் ஆறுமணிக்கே வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். இந்தக் கதைகளில் என்ன இருக்கிறது என்று பால் சொசைட்டியில் யாரோ கேட்டதற்கு ரெத்தினபாய் சொன்ன பதில் ஊரில் கொஞ்சநாள் சுற்றியது: "சீரியல்ல ஒருத்தி அழத் தொடங்கினா ஆறுமாசம் அழுவா. இதுல அழுதவ மூக்கச் சீந்திட்டு முட்டை பொரிக்கப் போயிருகா. நாம அப்பிடித்தானே?"

எல்லோரும் முன்னறையில் உட்கார, தையல்காரர் பீர்முகமது மட்டும் வாசல்படியிலேயே உட்காருவார். அந்த நாட்டில் வீடு பறிபோய் வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர்களைப் பற்றி இந்தக் கதைக்காரர்கள் எப்போதாவது பேசுவார்களா என்று ஒருநாள் அவர் கேட்டார். சில சமயம் பேசுவார்கள், பல சமயம் பேசாமலிருப்பதிலேயே தெரியும் என்றாள் எப்சிபாய். அந்த வாரமே அப்படி ஒரு கதை வந்தது. பழைய கல்வீடு ஒன்றை வாங்கியவனுக்கு, சமையலறையில் ஒரு சுவர் காலை நேரத்தில் மட்டும் சூடாகிறது. வரைபடத்தில் அந்தச் சுவருக்குப் பின்னால் எதுவும் இல்லை. சூட்டோடு ரொட்டி வேகிற மணமும் வருகிறது. முன்பு அங்கே யாருடைய அடுப்பு இருந்தது, அவர்கள் எப்படிப் போனார்கள் என்பது தெருவில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, ஒருவரும் சொல்வதில்லை. கடைசியில் அவன் கடைக்குப் போய் மாவு வாங்கிவந்து சுவரோரம் வைக்கிறான்.

பீர்முகமது வெகுநேரம் நூல் சுற்றுவதுபோல விரலைச் சுற்றிக்கொண்டிருந்தார். "கதை நல்ல கதைதான் பிள்ளே," என்றார். "அடுப்புக்காரி பேரு மட்டும் வரல்லியே."

"வரல்ல அண்ணா."

"ம். நான் இங்கனயே இருக்கேன். இங்கயும் கேக்குது."

இவ்வளவுக்கும் நடுவில் எப்சிபாயின் மகள் ஜெரிஷா சமையலறை நடையில் சாய்ந்து போனைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். தாய் விமானம் ஏறியபோது அவளுக்கு நாலு வயது. மாமா வீட்டில், ரெத்தினபாய் மாமியின் கையில் வளர்ந்து, இப்போது இருபத்திரண்டு வயதில் நர்ஸ். அடுத்த மாதம் சவூதிக்குப் போகிறாள், விசா வந்தாகிவிட்டது. எப்சிபாய் திரும்பிவந்த நாளிலிருந்து அவள் மரியாதைக் குறைவாக எதுவும் செய்ததில்லை, ஆனால் ஒருநாளும் அம்மா என்று கூப்பிட்டுப் பேசியதுமில்லை. "சோறு எடுத்து வச்சிருக்கு." "மாத்திரை மேசையில இருக்கு." "வாசல்ல ஆள் வந்திருக்கு." வீட்டுச் சுவரைப் பார்த்துச் சொன்னாலும் பொருந்துகிற பேச்சு. அவள் போவதற்குள் ஒருதடவை தன் முகத்தைப் பார்த்து, மகள் தாயிடம் பேசுவதுபோலப் பேசிவிட வேண்டும், கோபித்தாலும் சரி, திட்டினாலும் சரி என்பது தவிர எப்சிபாய்க்கு உலகத்தில் வேறு ஆசை இல்லாமல் இருந்தது. சில நாள் கதை நடுவே ஜெரிஷா சிரிப்பது அவள் காதில் விழும். ராணுவத்திலிருக்கிற மகன், சட்டையில் கறை போக என்ன செய்ய என்று கேட்க மட்டும்தான் அம்மாவுக்குப் போன் பண்ணுவான், மறுபடி பண்ணட்டும் என்று அந்த அம்மா ஒவ்வொரு தடவையும் தப்பான வழியையே சொல்லிக்கொடுப்பாள் என்று ஒரு கதை வந்த அன்றைக்கும், எப்சிபாய் தமிழில் சொல்லி முடிக்கும் முன்பே அந்தச் சிரிப்பு வந்தது. போனில் என்னவோ பார்த்துச் சிரிக்கிறாள் என்று எப்சிபாய் நினைத்துக்கொண்டாள்.

ஜெரிஷா புறப்பட ஒன்பது நாள் இருந்தபோது, ஒரு வியாழக்கிழமை, நாற்காலி இழுபட்டது, தொண்டை கனைத்தது, குரல் வழக்கம்போல முதலில் எழுதியவரின் பெயரைச் சொன்னது. பெயர்களை எப்சிபாய் எப்போதும் விட்டுவிடுவாள். அன்று விட்ட பெயர் சிப்போராவுடையது. ஆயுள் முழுக்க அடுத்தவர் எழுத்தில் பிழை திருத்திய அந்தக் கிழவி தன்னுடைய எழுத்து என்று ஒரு துண்டுக் காகிதத்தைக்கூட அவளிடம் காட்டியதில்லை. கதைக்குப் பெயர் "பதினாலு நாள்".

தூரதேசத்திலிருந்து வந்து ஒரு கிழவியைக் கவனித்துக்கொள்கிற பெண். ஊரில் அவளுடைய மகளுக்குப் பதினாலு வயது, வெள்ளை உடுத்துக் கோயிலில் திடப்படுத்தல் எடுத்துச் சபையில் சேரப்போகிறாள். இதுவரை எப்சிபாய் உள்ளபடியே சொன்னாள். கிழவியின் மகன் அவளுக்குப் பதினாலு நாள் விடுமுறை கொடுத்தான், டிக்கெட்டும் எடுத்துக் கொடுத்தான் என்று மேலே குரல் வாசித்தது.

"லீவு குடுக்கல்ல," என்றாள் எப்சிபாய். "அந்தக் கெழவி ஒத்துக்கல்ல. இவ கெடந்து அழுதா."

முன்னறையில் பெண்கள் உச்சுக்கொட்டினார்கள். மேலே கதை போய்க்கொண்டிருந்தது. அந்தப் பெண் விமான நிலையத்தில் வரிசையில் நின்றாள். முன்னால் நின்றவர் நகர்ந்தபோது அவள் நகரவில்லை. பெட்டியோடு வெளியே வந்து ரயிலேறி, வடக்கே கடற்கரை ஊர் ஒன்றில் அறை எடுத்தாள். எப்சிபாய் நிறுத்தாமல் தன் போக்கில் வேறு கதை சொல்லிக்கொண்டே போனாள். மேலே கடல் வந்த இடத்திலெல்லாம் கீழே கண்ணீர் வந்தது. மேலே அவள் ஜன்னலைத் திறந்தால் கீழே ஜெபம் பண்ணினாள். மேலே அவள் பாட்டு முணுமுணுத்தால் கீழே மகள் பெயரைச் சொல்லி ஏங்கினாள்.

"அப்பிடி இல்ல."

ஜெரிஷாதான். போனை அலமாரித் தட்டில் வைத்துவிட்டு நடையிலிருந்து முன்னறைக்கு வந்திருந்தாள். நோயாளியின் உறவினர்களிடம் விவரம் சொல்கிற குரலில், எல்லோருக்கும் பொதுவாக, முதலிலிருந்து சொன்னாள். "லீவு குடுத்தாங்க. டிக்கெட்டும் குடுத்தாங்க. அவ போகல்ல. வீட்டுக்குப் போன்பண்ணி லீவு கெடைக்கல்லன்னு சொல்லிட்டு, கடல்பக்கம் ஒரு ரூம் எடுத்துத் தங்கினா." பிறகு மேலே குரல் வாசிக்க வாசிக்க ஒரு வாக்கியம்கூடத் தவறாமல் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். கான்கிரீட்டுக்குள் ஆட்கள் இருப்பதை ஏற்றுக்கொண்ட ஊர், இந்தப் பெண்ணுக்கு எபிரேயம் தெரிந்திருப்பதை ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. ஆச்சரியப்பட்டது எப்சிபாய் ஒருத்திதான்; அவளுக்கு உட்கார்ந்திருந்த இடம் தெரியவில்லை.

பதினைந்தாம் நாள் அந்தப் பெண் திரும்பி வருகிறாள். அவளுடைய பாவாடை மடிப்பில் கடல்மணல் இருப்பதைக் கிழவி விரலால் தடவித் தெரிந்துகொள்கிறாள். "உன் ஊரில் மழையா?" என்கிறாள். "நல்ல மழை" என்கிறாள் அந்தப் பெண். கிழவி பத்திரிகையை நீட்டி, வாசி என்கிறாள். அதோடு குரல் நின்றது.

முன்னறையிலிருந்து ஆமென் வரவில்லை. கடைசியில் வாசல்படியிலிருந்து பீர்முகமதுதான், "ஆமீன்" என்றார்.

ரெத்தினபாய் எழுந்தாள். திடப்படுத்தல் அன்றைக்கு ஜெரிஷாவுக்கு வெள்ளைச்சேலையின் கொசுவத்தை மடித்துக் குத்திவிட்டவள் அவள். லீவு கொடுக்காத கிழவியை அன்று முழுக்கச் சபித்தவளும் அவளே. அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று எல்லோரும் பார்த்தார்கள்.

"பதினாலு நாளா?" என்றாள் எப்சிபாயைப் பார்த்து. "ரூமுக்குள்ளயே பாத்ரூம் உண்டா?"

"உண்டு மைனி."

"காப்பி?"

"கீழ கடையில."

ரெத்தினபாய் பெருமூச்சு விட்டாள். "எனக்கு நாலு நாள் போதும்," என்று சொல்லிவிட்டு, இன்னும் உட்கார்ந்திருந்த தாசையனை எழுப்பி இழுத்துக்கொண்டு போனாள். மற்றவர்களும் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போனார்கள். அதைப் பற்றி இரண்டு நாள் பேசினார்கள். ஊரிலுள்ள பெண்களில் பாதிப்பேர் கடல் பார்த்த அறையில் தாங்கள் என்ன செய்வார்கள் என்று பேசினார்கள். எப்சிபாய் செய்தது சரியா தப்பா என்று பேசவந்தவர்கள்கூட பேச்சுவாக்கில் அந்த அறைக்குள் போய்ப் படுத்துவிட்டார்கள்.

ஆனால் அது பிறகு. அன்று முன்னறையில் தாயும் மகளும் மட்டும் இருந்தார்கள்.

"எப்ப படிச்சே மக்களே?"

ஜெரிஷா பாயைச் சுருட்டிக்கொண்டே பதில் சொன்னாள். "வெள்ளிக்கிழமை போன் பேசி முடிச்சதும் கட்பண்ண மறந்து அப்பிடியே வச்சிட்டுப் போற பழக்கம் உண்டு. நான் வைக்க மாட்டேன். அந்தப் பக்கம் வாசிக்கிற சத்தம் வரும். பொறவு ரெண்டு பேரும் சிரிக்கிற சத்தம் வரும். எங்கிட்டப் பேசும்போ அப்பிடி ஒரு சிரிப்பு ஒருநாளும் வந்ததில்ல. எதுக்குச் சிரிக்காவன்னு தெரியணும்னு அந்தப் பாஷையப் போன்லயே பாத்துப் படிச்சேன். எட்டாங்கிளாஸ்ல தொடங்கி."

"தெரிஞ்சுதா?"

"பார்க்கிங் கதை. அது மூணு தடவ வாசிச்சிருக்கு."

எப்சிபாய் மடியில் கிடந்த தன் கைகளைப் பார்த்தாள். ஜெரிஷா பாயை மூலையில் சாய்த்துவைத்துவிட்டு அங்கேயே சுவரைப் பார்த்து நின்றாள்.

"கதையில வெறும் கடல்தான் இருக்கு. பதினாலு நாளும் என்ன நடந்துச்சுன்னு இல்ல."

"மொத நாள் உறங்கினேன். ரெண்டாம் நாளும் உறங்கினேன். மூணாம் நாள் கடைக்குப் போயி, பிளம்முன்னு ஒரு பழம், அது ஒரு கிலோ வாங்கியாந்து, ஜன்னல்பக்கம் கால நீட்டிப்போட்டு, எல்லாத்தையும் நான் ஒருத்தியே தின்னேன். ஒருத்தருக்கும் தோலுரிச்சுக் குடுக்காம."

"மக ஞாபகம் வந்துச்சா?"

பதினெட்டு வருடமாக வெள்ளிக்கிழமைதோறும் சொல்லிச்சொல்லி வழுவழுப்பாகிவிட்ட பதில் ஒன்று எப்சிபாயின் நாக்கில் தயாராக வந்து நின்றது. உன்னையே நெனச்சுக்கிட்டு இருந்தேன். அதை அவள் விழுங்கினாள்.

"மூணு நாளும் வரல்ல மக்களே. ஒரு ஆளு ஞாபகமும் வரல்ல. எம் பேருகூட வரல்ல."

ஜெரிஷா திரும்பினாள். அவள் முகத்தில் வந்தது எதுவென்று எப்சிபாய்க்குப் பிடிபடவில்லை. போனில் அது தெரிந்ததில்லை, நேரில் அவள் இதுவரை அதைக் காட்டியதுமில்லை.

"மூணு நாளைக்கும் சேத்து அந்தப் பழந்தானா? சோறு?"

"இல்ல."

"ரொட்டி, முட்டை, ஒண்ணும்?"

"பசிக்கல்ல."

"பைத்தியமா உனக்கு?" என்றாள் ஜெரிஷா. "ஊருக்கெல்லாம் நேரம் பாத்து மாத்திர குடுக்கத் தெரியும், ஒரு கிலோ பழத்த வெறும்வயித்துல தின்னுட்டுக் கெடந்திருக்கே. மயங்கி விழுந்திருந்தா யாருக்குத் தெரியும்? அந்த ரூம்ல யாரு வந்து பாப்பா உன்ன? கொஞ்சமாவது யோசிச்சியா நீ?"

"இல்ல," என்றாள் எப்சிபாய்.

"யோசிக்க மாட்டே. எனக்குத் தெரியும்." மூச்சு வாங்கியது அவளுக்கு. சுருட்டிய பாயை மறுபடி தரையில் விரித்து, தாய்க்கு எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்தாள். "சரி, நாலாம் நாள் சொல்லு."